தண்ணி குடிக்காதே, தண்ணி குடி

ஓடுகிறவனுக்கு அறிவுரை சொல்ல ஆள் கிடைக்காத காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. எழுபதுகளின் கடைசியில், கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல்காட்டுப் பள்ளிக்கூடத்தில் நான் ஓடியபோது அந்த அதிகாரம் முழுக்க டிரில் வாத்தியார் ஒருவரிடம் இருந்தது. வெள்ளை கேன்வாஸ் ஷூ, கழுத்தில் விசில், கையில் புளிய விளார். உணவியல், உடலியல், உளவியல் மூன்றும் அந்த விளாருக்குள் அடக்கம். இப்போது சென்னையில், அறுபதைத் தாண்டிய பிறகு, டாக்டர் மிரட்டியதால் மறுபடி ஓடுகிறேன். இப்போதும் ஒருவர் இருக்கிறார். அவரை வாத்தியார் என்று கூப்பிட முடியாது, கோச். மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, கோவாவில் நடக்கிற பாதி அயர்ன்மேன் போட்டியை முடித்தவர். 1.9 கிலோமீட்டர் கடலில் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், அதோடு விடாமல் 21 கிலோமீட்டர் ஓட்டம். என் மகனைவிட இரண்டு வயது சின்னவர். என்னை "சார்" என்கிறார். வாத்தியார் என்னை "ஏலே" என்றுதான் கூப்பிடுவார். வாத்தியார் இலவசம். கோச்சுக்கு மாதாமாதம் ஜிபே.

வாத்தியாரின் முதல் கட்டளை, தண்ணீர் குடிக்காதே. "வயித்துல தண்ணி குலுங்குச்சுன்னா ஓட்டம் நின்னு போகும்லே. ஓடி முடிச்சு அரை மணி கழிச்சுத்தான் தண்ணி." பொன்னுருகக் காயும் புரட்டாசி வெயிலில் மைதானத்தைச் சுற்றிவிட்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள நிற்போம். குழாயடியில் அவரே காவல். வாய் கொப்பளிக்க அனுமதி உண்டு. ஆனால் கொப்பளித்ததைத் துப்ப வேண்டும், துப்புவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். எத்தனை முறை வாயில் ஊற்றினான், எத்தனை முறை துப்பினான் என்று கணக்கு வைத்திருப்பார். மயங்கி விழுந்தவன் முகத்தில் மட்டும் தாராளமாகத் தண்ணீர் தெளிப்பார்கள்.

இதைக் கரிசல்காட்டு மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. பெரிய இடத்துப் பரம்பரை இதற்கு உண்டு. 1904ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் மராத்தான் நடந்தது. தண்ணீர் இல்லாமல் உடம்பு எப்படித் தாங்குகிறது என்று பார்க்கும் ஆசை போட்டியை நடத்திய ஜேம்ஸ் சல்லிவனுக்கு. வெயிலும் புழுதியுமான பாதையில் தண்ணீர் கிடைக்கிற இடத்தை வேண்டுமென்றே சுருக்கிவிட்டார். ஓடத் தொடங்கிய 32 பேரில் முடித்தவர்கள் 14 பேர். முதலாவதாக வந்த தாமஸ் ஹிக்ஸ் வழியில் தள்ளாடத் தொடங்கியதும் கூட வந்தவர்கள் அவருக்குக் கொடுத்தது முட்டை வெள்ளைக்கருவில் கலக்கிய ஸ்டிரிக்னின், பிறகு பிராந்தி. ஸ்டிரிக்னின் என்றால் வேறொன்றுமில்லை, நம் ஊர் எட்டிக்கொட்டையில் இருக்கிற அதே விஷம். தங்கப் பதக்கமும் கிடைத்தது, உயிரும் மிஞ்சியது. எங்கள் வாத்தியார் முட்டையோடு நிறுத்திக்கொண்டதற்கு அவரை வாழ்த்தத்தான் வேண்டும்.

அப்புறம் காற்று மாறியது. 1965ல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்கக் கால்பந்து அணிக்காக ஒரு பானம் கலக்கினார்கள். தண்ணீர், உப்பு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு. கேட்டரேட் என்று பெயர் வைத்தார்கள். அதே சாமான்களை வைத்து நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகக் கலக்கியதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, காப்புரிமையும் வாங்கவில்லை. அதிலிருந்து உலகம் எதிர்த் திசையில் ஓடியது. தாகம் எடுக்கும் முன்பே குடி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடி. இதில் என்ன கெடுதல் வந்துவிடும் என்று கேட்டால், வந்தது. 2002 பாஸ்டன் மராத்தானில் ஓர் இளம்பெண் அளவுக்கு மீறிக் குடித்ததால் ரத்தத்தில் சோடியம் சரிந்து இறந்துபோனார். அதே போட்டியில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது என்று 2005ல் மருத்துவ இதழில் வெளிவந்தது. தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ் இந்த அபாயத்தை எண்பதுகளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். 2012ல் தனிப் புத்தகமே போட்டார்.

எங்கள் கோச் இதையெல்லாம் படித்தவர். முதல் நாளே எடை பார்க்கும் மெஷினோடு வந்தார். ஓடுவதற்கு முன் ஒருமுறை ஏறி நிற்க வேண்டும், ஒரு மணி நேரம் ஓடியபின் துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. சென்னையின் புழுக்கத்தில் பெசன்ட் நகர் கடற்கரையோரம் விடிகாலை ஐந்து மணிக்கே சட்டையைப் பிழியலாம். கணக்கெல்லாம் போட்டு முடித்துவிட்டு அவர் சொன்ன தீர்ப்பு: "சார், தாகம் எடுத்தா குடிங்க. எடுக்கலைன்னா சும்மா ஊத்திக்காதீங்க. ரொம்ப தூரம் ஓடினா கொஞ்சம் உப்பு சேத்துக்குங்க." ஆடு மாடுகளுக்குப் பிறவியிலேயே தெரிந்த விஷயம். நாம் சுற்றி வளைத்து அங்கே போய்ச் சேர நூறு வருஷம் ஆகியிருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், தண்ணீர் விஷயத்தில் வாத்தியார் செய்தது வெறும் தப்பில்லை, ஆபத்து. வெயிலில் ஓடும் பிள்ளைக்குத் தண்ணீரை மறிப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தால் என்ன?

சாப்பாட்டுக்கு வருவோம். வாத்தியாரின் டயட் சார்ட் ஒரு தூக்குவாளிக்குள் இருந்தது. ராத்திரியே ஊறப்போட்ட கொண்டைக்கடலை, ஆளுக்கு ஒரு கைப்பிடி, அவருடைய சொந்தச் சம்பளத்தில். ஜில்லா போட்டி நெருங்கினால் ஆளுக்கு ஒரு பச்சை முட்டை. ஓட்டை உடைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து ஒரே மூச்சில் விழுங்க வேண்டும். சைவப் பிள்ளைமார் வீட்டுப் பையன் ஒருவன் விழுங்கிவிட்டு வீட்டில் சொல்லாமல் இருக்க எங்களுக்கெல்லாம் லஞ்சம் கொடுத்தான். வீட்டில் எங்களுக்குக் கிடைத்தது கம்பங்கஞ்சி, கேப்பைக்களி, குதிரைவாலிச் சோறு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். "கம்பைத் தின்னுட்டு ஓடினா கம்பு மாதிரிதான்லே இருப்பீங்க. நெல்லுச்சோறு தின்னாத்தான் தெம்பு" என்று வாத்தியார் வருத்தப்படுவார். வெளியூர்ப் போட்டி என்றால் ஓட்டல் சாப்பாடு உண்டு. பாதிப் பேர் ஓடியதே அந்த இலைச் சாப்பாட்டுக்காகத்தான்.

கோச் அனுப்பிய பிடிஎஃப்பில் முதல் வரி, வெள்ளை அரிசியைக் குறைக்கவும். இரண்டாவது வரியில் கம்பு, கேழ்வரகு, சாமை, குதிரைவாலி. இந்தியா கேட்டுக்கொண்டபடி ஐ.நா. சபையே 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்துவிட்டது. ஆர்கானிக் கடையில் குதிரைவாலி பழுப்புக் காகிதப் பையில், சணல் கயிறு கட்டி, பொன்னி அரிசியை ஏளனமாகப் பார்க்கிற விலையில் உட்கார்ந்திருக்கிறது. அம்மா இருந்து இதைப் பார்த்திருந்தால், "இதைத் திங்காம இருக்கணும்னுதானடா உன்னைப் படிக்க வச்சேன்" என்றுதான் சொல்லியிருப்பாள்.

இதிலும் ஒரு வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் என்றால் சனிக்கிழமை குழுவில் கோச்சின் குரல் வருகிறது: "இன்னிக்கு மில்லெட் வேண்டாம், வயித்தைக் கலக்கும். வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு, தயிர். நல்லா சாப்பிடுங்க." காரணமும் சொல்கிறார். ஓட்டத்துக்கு எரிபொருள் தசையிலும் ஈரலிலும் தேங்கிக் கிடக்கிற மாவுச்சத்து. வேகமாக ஓடினால் முப்பது கிலோமீட்டர் வாக்கில் அது தீர்ந்துபோகும், கால் கல்லாகிவிடும். 1960களில் சுவீடனில் ஆய்வாளர்கள் தொடைத் தசைக்குள் ஊசியைச் செலுத்தித் துணுக்கெடுத்துப் பார்த்து, சாப்பாட்டால் இந்தச் சேமிப்பை ஏற்ற முடியும் என்று காட்டினார்கள். இங்கிலாந்தின் ரான் ஹில் அந்த முறையில் சாப்பிட்டு 1969ல் ஐரோப்பிய மராத்தான் பட்டத்தை வாங்கினார். ஆக, நெல்லுச்சோறு தின்றால்தான் தெம்பு என்று வாத்தியார் சொன்னது போட்டிக்கு முந்தின நாள் அளவில் சரி. அவர் அதை வருஷம் முழுக்கச் சொன்னார், நாங்கள் வருஷம் முழுக்கக் கம்பு தின்றோம். இரண்டும் சேர்ந்து இன்றைய பிடிஎஃப் ஆகிவிட்டது.

மாவுச்சத்து மகத்துவத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்களா என்றால் அதுவும் இல்லை. மேலே சொன்ன டிம் நோக்ஸ் ஓட்டக்காரர்களின் வேதம் என்று சொல்லத்தக்க ஒரு தடிப் புத்தகத்தை எண்பதுகளில் எழுதியவர். மாவுச்சத்து ஏற்றுங்கள் என்றுதான் அதிலும் இருந்தது. பிற்காலத்தில் அவருக்கே சர்க்கரை வியாதி வந்தது. சோற்றையும் ரொட்டியையும் கைவிட்டார், தன் புத்தகத்தின் சாப்பாட்டுப் பக்கங்களைக் கிழித்துப் போடுங்கள் என்றார். எழுதினதைக் கிழிக்கச் சொல்லும் துணிச்சல் எத்தனை எழுத்தாளர்களுக்கு உண்டு? இருந்தாலும், கிழிப்பதற்கு முன் இரண்டு தரம் யோசிக்கலாம் என்று சொல்கிற விளையாட்டு உணவியலாளர்கள்தான் இன்றும் அதிகம். மணிக்கு இத்தனை கிராம் சர்க்கரை என்று கணக்கு வைத்து விழுங்கிக்கொண்டுதான் இன்றைய மராத்தான் மன்னர்கள் ஓடுகிறார்கள்.

அந்தச் சர்க்கரை இப்போது 'ஜெல்' என்ற பெயரில் கைவிரல் நீளப் பொட்டலமாக வருகிறது. பல்லால் கடித்துப் பிய்த்து, ஓடிக்கொண்டே பிதுக்கி விழுங்க வேண்டும். பாதி வாய்க்குள்ளும் மீதி மோவாயிலும் போகும். விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். ஒன்றில் இருபத்தைந்து கிராம் மாவுச்சத்து இருக்கும், விலை நூறு ரூபாய்க்கு மேல். என் வீட்டு அம்மாள் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு துண்டு கருப்பட்டியை வாயில அடக்கிட்டு ஓடுனா ஆகாதா?" என்றாள். கோச்சிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆகும் சார்" என்றார். நேர்மையான பிள்ளை.

முட்டைக் கதை தனி. பச்சையாக முழு முட்டை என்றார் வாத்தியார். ஆனால் 1968லேயே அமெரிக்க இதயச் சங்கம் வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் கூடாது என்று சொல்லியிருந்தது. அந்தச் செய்தி கோவில்பட்டிக்கு வந்து சேர இருபது வருஷம் ஆயிற்று. தொண்ணூறுகளில் எங்கள் அலுவலகத்தில் மஞ்சள் கருவைப் பிதுக்கித் தட்டோரம் ஒதுக்குவது படித்தவன் அடையாளம். 2015ல் வந்த அமெரிக்க உணவு வழிகாட்டி, உணவில் கொலஸ்ட்ரால் இவ்வளவுதான் என்ற வரம்பையே எடுத்துவிட்டது. இப்போது கோச் சொல்கிறார், முழு முட்டை, ஆனால் வேகவைத்து. பச்சையாகக் குடித்தால் புரதத்தில் பாதிதான் உடம்பில் சேருமாம், வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு. மூக்கைப் பிடித்துக்கொண்டு நாங்கள் விழுங்கியதில் பாதி வீண்.

கஞ்சியைப் பற்றி மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தை நூறில் ஒரு வினாடியில் விட்டார். அங்கத்திய சாப்பாடு பழக்கமில்லாததால் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுத்தான் ஓடினேன், கடைசி முப்பத்தைந்து மீட்டரில் அது காட்டிவிட்டது என்று பிற்பாடு அவரே சொன்னார். இன்றைக்குப் பழைய சோற்றுக்கு வந்திருக்கும் மவுசைப் பாருங்கள். ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து ஆய்வு செய்திருக்கிறார்கள், அது நல்ல காரியம். ஆனால் "அமெரிக்காவே வியக்கும் பழைய சோறு" என்று வாட்ஸப்பில் சுற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேறு எதுவும் இல்லாததால் கஞ்சி குடிப்பதும், புரதம், பழம், பால் எல்லாம் சாப்பிட்டுவிட்டு மேலுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி குடிப்பதும் ஒன்றில்லை. உஷா குடித்தது முதல் வகை.

வேகத்துக்கு வந்தால் வாத்தியார் அவரை அறியாமலே மேதை. பக்கத்து ஊரில் அவருக்கு மாதச் சீட்டு ஒன்று இருந்தது. சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புவார், நாங்கள் பின்னால் ஓட வேண்டும். எதிர்காற்றில் அவர் மிதிக்கிற வேகம்தான் எங்கள் வேகம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார், கேள்விக்குப் பதில் வர வேண்டும். மூச்சு வாங்கிப் பதில் சொல்ல முடியாதவனை, "மெதுவா வாலே, யாரு முடுக்குறா?" என்பார். இதையே நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் தத்துவமாக்கினார். செருப்பு ஆலையில் வேலை பார்த்த மனிதர். 800 மீட்டர் ஓடுகிறவரைக்கூட வாரத்துக்கு நூறு மைல் நிதானமாக ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்கள் பீட்டர் ஸ்னெல், மர்ரே ஹால்பர்க் இருவரும் ஒரே நாளில் தங்கம் வாங்கினார்கள். பிறகு அமெரிக்காவில் பில் மாஃபெட்டோன் என்பவர் 180இலிருந்து வயதைக் கழி, இதயத் துடிப்பு அதைத் தாண்டாமல் ஓடு என்றார். அவரிடம் பயின்ற மார்க் ஆலன் ஹவாய் அயர்ன்மேனை ஆறு முறை வென்றார்.

எங்கள் கோச் இதை 'ஜோன் டூ' என்கிறார். அதற்கு ஒரு கைக்கடிகாரம் வேண்டும், இருபதாயிரம் ரூபாய். துடிப்பு கொஞ்சம் ஏறினால் மணிக்கட்டில் கிர்ரென்கிறது, மெதுவாக ஓடு என்று அர்த்தம். மெதுவாக ஓடுவது எனக்குக் கைவந்த கலை, இருந்தும் அது கிர்ரென்கிறது. கடிகாரம் இல்லாதவர்களுக்கும் கோச் ஒரு வழி வைத்திருக்கிறார்: "பக்கத்துல ஓடுறவங்ககிட்ட முழு வாக்கியமா பேச முடியுதான்னு பாருங்க."

ஷூவைப் பற்றி நீட்ட வேண்டாம். ஷூ இல்லாததால் வெறுங்காலோடு ஓடினோம். அபேபே பிகிலா ரோமில் அப்படித்தான் வென்றார். பீகாரின் சிவ்நாத் சிங்கும் வெறுங்கால் ஓட்டத்துக்குப் பேர்போனவர், 1978ல் ஜலந்தரில் அவர் வைத்த 2 மணி 12 நிமிட இந்திய மராத்தான் சாதனையை நாற்பது வருஷத்துக்கு மேல் யாராலும் தொட முடியவில்லை. பிறகு ஷூ போடு என்றார்கள். 2009 வாக்கில் வெறுங்கால்தான் இயற்கை என்று சொல்லி, வெறுங்கால் மாதிரியே இருக்கிற ஷூவை விற்றார்கள். இப்போது அடிப்பாகம் தடித்துக்கொண்டே போய், 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2020ல் சர்வதேசத் தடகளச் சம்மேளனமே சட்டம் போட வேண்டியதாயிற்று.

கோச்சிடம் எனக்கு மரியாதை வந்தது வேறு இரண்டு விஷயங்களில். பணம் கட்டப் போனபோது வாங்க மறுத்துவிட்டார். முதலில் இசிஜி, டிரெட்மில் சோதனை, டாக்டர் கையெழுத்து. வாத்தியாரின் மருத்துவச் சோதனை, கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு முதுகில் ஒரு சாத்து. "ஓடுறவன் கல்லைத் தின்னாலும் செரிக்கும்லே" என்பார். 1977ல் புத்தகம் எழுதி அமெரிக்காவையே ஓடவைத்த ஜிம் ஃபிக்ஸும் ஏறக்குறைய அந்த நம்பிக்கையில் இருந்தவர்தான். 1984ல், 52 வயதில், ஓடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் இறந்தார். ரத்தக்குழாய்கள் அடைத்திருந்தன. அவருடைய அப்பாவும் சின்ன வயதிலேயே மாரடைப்பில் போனவர்.

இன்னொன்று, எங்கள் குழுவில் பெண்கள் பாதிப் பேர். அவர்களில் ஒருவர் பேரன் எடுத்தவர், என்னை அனாயாசமாகத் தாண்டிப் போகிறார். என் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு வளையப்பந்து, அதுவும் சுவருக்கு அந்தப் பக்கம். ஓடினால் கர்ப்பப்பைக்கு ஆகாது என்று வாத்தியார் சொன்னார். உலகமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 1928க்குப் பிறகு 1960 வரை பெண்களுக்கு ஒலிம்பிக்கில் 800 மீட்டர்கூடக் கிடையாது, மராத்தான் 1984ல்தான் வந்தது. என் அக்கா அப்போது இடுப்பில் ஒரு குடம், தலையில் ஒரு குடமாக ஊருக்கு வெளியே இருந்த நல்லதண்ணிக் கிணற்றுக்கும் வீட்டுக்கும் காலையில் பல நடை நடந்துவிட்டுப் பள்ளிக்கூடம் வருவாள். அதனால் கர்ப்பப்பைக்கு என்ன ஆகும் என்று எந்த வாத்தியாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒருநாள் ஓட்டம் முடிந்து சுக்குக் காபி குடிக்கும்போது கோச்சிடம் கேட்டேன், "தம்பி, ஸ்கூல்ல எந்த ஈவெண்ட்?" சிரித்தார். "ஸ்கூல்ல நான் ஓடினதே இல்ல சார். பி.டி. பீரியடை மேத்ஸ் சார் எடுத்துப்பார். முப்பத்திரண்டு வயசுல மாஸ்டர் செக்கப் ரிப்போர்ட் வந்தப்புறம்தான் ஓடக் கத்துக்கிட்டேன்." பி.டி. பீரியடைக் கணக்கும் அறிவியலும் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறைக்கு அமைச்சரான பிறகு உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் பலத்த கைதட்டல். என் பேரன் படிக்கிற பள்ளியில் பரீட்சை நெருங்கினால் இப்போதும் அந்தப் பீரியடில் அல்ஜீப்ராதான் நடக்கிறது.

கணக்கு வாத்தியார்களே, அந்த நாற்பது நிமிஷத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். தண்ணீர் பாட்டிலையும் கையில் கொடுத்தனுப்புங்கள். சிலபஸ் பாக்கி இருந்தால் தமிழய்யாவிடம் ஒரு பீரியட் கேட்டுப் பாருங்கள், அவர் கொடுப்பார்.